சுல்தானுக்கு ஊதா மருந்து போட்ட கதை

ஐந்தரை வருடம் கால்நடை மருத்துவம் படித்தேன். மாட்டுக்கு எத்தனை வயிறு என்பதில் தொடங்கி, கோழிக்கு எதனால் கழிச்சல் வருகிறது என்பது வரை எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். “எனக்குத் தெரியாது” என்று வாயைத் திறந்து சொல்வது எப்படி என்பதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. (தெரியாத கேள்விக்கும் நாலு பக்கம் எழுதினால் மார்க் கிடைக்கிற படிப்பில் அதற்கு அவசியமும் இருக்கவில்லை.) அந்தக் குறை ஒரு பச்சோந்தியின் மேல் போய் விடிந்தது. பாவம், அது இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் சிவனே என்று இருந்திருக்க வேண்டிய ஜீவன்.

அப்போது ஏற்காடு பஜாரில் நான் கிளினிக் திறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. முன்னால் ஒரு மேஜை, பின்னால் ஒரு சின்ன ரூம், சுவரில் கண்ணாடி போட்ட என் டிகிரி. வருகிற நோயாளிகள் எல்லாம் ஆடு, மாடு, நாய்தான். பெரும்பாலும் எங்கள் ஊர் மஞ்சக்குட்டைப் பக்கத்திலிருந்தோ கொட்டச்சேடு எஸ்டேட்டுகளிலிருந்தோ வருவார்கள்.

மலை விவசாயிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. வைத்தியம் செய்தால் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். சேலத்திலிருந்து வரவழைத்த விலை உயர்ந்த ஊசியைப் போட்டுவிட்டு, “ஆச்சுங்க, ஓட்டிட்டுப் போங்க” என்றால் நகர மாட்டார்கள். “ஏனுங்க, ஒண்ணுமே போடலீங்களா?” என்பார்கள். அதே ஆட்டின் மேல் ஊதா மருந்தை, புண்ணே இல்லாத இடத்திலும் சேர்த்து, தாராளமாகப் பூசிவிட்டால் முகம் மலர்ந்துவிடும். “நல்ல டாக்டருங்க” என்று ஜீப்பில் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார்கள். நாலே மாதத்தில் எனக்கும் அது கைப்பழக்கமாகிவிட்டது. ஊசி நோய்க்கு, ஊதா மருந்து உடையவருக்கு.

ஒரு மார்கழி மாதக் காலையில், எதிர்க் கடை தெரியாத அளவுக்குப் பனி இறங்கியிருந்தபோது, ஜாபர் பாய் ஒரு கூண்டைச் சால்வையால் மூடித் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் டூரிஸ்டுகளுக்கு ஸ்வெட்டர், சால்வை, மங்கிக் குல்லா விற்கிற கடைக்காரர். அறுபதை நெருங்குகிற ஆள். சிரிப்பதென்றால் கையைவிட்டு எதுவோ போகிறது என்று நினைக்கிற முகம்.

சால்வையை எடுத்தார். உள்ளே கிளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு பச்சோந்தி. நம் காட்டுப் பச்சோந்தி இல்லை. அதைப் பிடித்து வளர்த்தால் பாரஸ்ட்காரர்கள் உள்ளே வைத்துவிடுவார்கள். இது தலைக்கு மேல் குல்லா வைத்ததுபோல் எலும்பு எழும்பி நிற்கும் ஏமன் நாட்டுச் சாதி. பாய் அதன் பேப்பர்களையும் மடித்து எடுத்து வந்திருந்தார்.

“பேரு சுல்தானுங்க, மூணு வயசு. நாலு நாளா ஒண்ணும் திங்கமாட்டேங்கறான். தாடை பாருங்க, வீங்கியிருக்கு.”

சுல்தானின் ஒரு கண் சுவரில் இருந்த என் டிகிரியைப் பார்த்தது. இன்னொரு கண் அதே நேரத்தில் வாசலைப் பார்த்தது. என்னிடம் வந்த நோயாளிகளில் நிலைமையை அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டது வேறு எதுவும் இல்லை.

“இது உங்களுதுங்களா பாய்?”

“எம்பையன் இர்பானுதுங்க. வேலைக்கு கத்தார் போனப்ப எங்கிட்ட உட்டுட்டுப் போனான். தெனம் மத்தியானம் மூணு மணிக்கு வீடியோ போடுவான். போட்டதும் ‘சுல்தானக் காட்டுங்கத்தா’ம்பான். காட்டுவேன். பாத்துக்குவான், கொஞ்சுவான், வச்சுருவான்.” சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். “எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வேற பேச்சே கெடையாதுங்க டாக்டரம்மா. அவன் இங்க இருந்தப்பவும் இல்ல. இது போயிருச்சுன்னா அவன் எதுக்குங்க எனக்குப் போன் போடப்போறான்?”

அந்த நிமிடமே “பாய், நான் பச்சோந்திக்கு வைத்தியம் பார்த்ததில்லை, தெரிந்தவர்களைக் கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது:

“கவலைப்படாதீங்க பாய். இதெல்லாம் சாதாரணம். எத்தனையோ பாத்திருக்கேன்.”

(பார்த்திருந்தது ஒன்று. கல்லூரி மியூசியத்தில். பாட்டிலுக்குள்.)

வாயைத் திறந்து பார்த்ததும் நோய் என்னவென்று புரிந்துவிட்டது. அந்த அளவுக்குப் படித்திருந்தேன். கீழ் ஈறு சிவந்து, ஓரத்தில் தயிர்க் கட்டிபோல மஞ்சளாகச் சீழ். கம்பிக் கூண்டில் வாயை உரசி உரசிப் புண்ணாகி, அதில் பாக்டீரியா குடியேறியிருந்தது. முந்தின வாரம் போனில் ஏதோ வீடியோ பார்த்த தைரியத்தில் பாய்க்குப் பாடமும் எடுத்தேன். “பச்சோந்திக்கு நிறம்தாங்க பாய் தெர்மாமீட்டர். பளிச்சுனு பச்சையா இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம். கறுத்துப்போனா குளிர், இல்லாட்டி கோபம், இல்லாட்டி வலி.” பாய் பரீட்சைக்குப் படிக்கிறவர்போலத் தலையாட்டினார்.

பிறகு சுல்தானைப் பின் ரூமுக்குத் தூக்கிப் போய்க் கதவைச் சாத்தினேன். நான் தடுமாறுவதை பாய் பார்க்க வேண்டாம் என்பதுதான் காரணம். சீழை எடுத்தேன். ஆட்டுக்குப் போடுகிற பழக்கத்தில் பின்னங்காலில் ஒரு ஊசி போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கை தானாக ஊதா மருந்துப் பாட்டிலை எடுத்தது. ‘இவ்வளவு செய்திருக்கிறோம், பாய்க்குக் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?’ தாடையில் ஒரு பொட்டு வைக்கலாம் என்று பஞ்சை நீட்டினேன்.

பச்சோந்தி மெதுவாக நகரும் பிராணி என்று எழுதுகிறவர்கள் அதற்கு மருந்து போட்டுப் பார்க்காதவர்கள். சுல்தான் சீறினான். உடம்பை ஊதிப் பெரிதாக்கினான். இடுக்கி மாதிரி இருந்த முன்காலால் பாட்டில் வாயை இறுகப் பிடித்தான். நான் இழுக்க, அவன் இழுக்க, மூன்றாவது இழுப்பில் பாட்டில் முழுவதும் அவன்மேல் கவிழ்ந்தது. தாடையில் தொடங்கி வால் நுனி வரை இடது பக்கம் பூராவும் ஊதா. மேஜை ஊதா. என் வலது கை மணிக்கட்டு வரை ஊதா. துடைத்தேன். துடைக்கத் துடைக்க வலது பக்கத்துக்கும் பரவியது.

கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பாய் எழுந்து நின்றுவிட்டார்.

“டாக்டரம்மா… ஊதா ஆயிட்டானுங்களே! ஊதாவுக்கு என்னங்க அர்த்தம்?”

ஆடு மாடு வைத்திருக்கிற எவரும் பார்த்த மாத்திரத்தில் அது மருந்து என்று சொல்லியிருப்பார்கள். பாய் வைத்திருந்ததோ ஸ்வெட்டர் கடை. அதற்கு மேல், ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் நிறமெல்லாம் தெர்மாமீட்டர் என்று நானே பாடம் எடுத்திருந்தேன்.

“அதுங்களா பாய்,” என்றேன் நான், குரல் பிசகாமல். “மருந்து உள்ள போயி வேலை செய்யுது. ரத்தத்துல கலந்ததும் அப்படித்தான் ஊதா ஆகும். நல்ல அறிகுறி.”

இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. “சூடா வச்சுக்கங்க” என்று ஒரு அறிவுரையும் சேர்த்து அனுப்பி வைத்தேன்.

மறுநாள் மத்தியானம், ஊதா போகாத கையில் கையுறையோடு, நோயாளியைப் பார்க்க பாய் கடைக்குப் போனேன். வாசலில் பத்து இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஏதோ கிளியரன்ஸ் சேல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தேன். கவுன்ட்டரின் மேல் கூண்டு. கூண்டுக்குள் ஊதா சுல்தான். உடம்பில் கைக்குழந்தைக்குப் போடும் ரோஸ் கலர் சாக்ஸ், கால்கள் வருவதற்காக நாலு ஓட்டை வெட்டியது. தலைக்குல்லாவின் மேல் இன்னொரு கம்பளிக் குல்லா. சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

“நீங்க சொன்னபடியே நொம்ப சூடா வச்சிருக்கனுங்க,” என்றார் பாய் பெருமையாக. “உள்ள ரெண்டு சுத்து கம்பளி.”

குளிர் ரத்தப் பிராணிக்கு உடம்புக்குள் அடுப்பு கிடையாது. வெளியிலிருந்து சூடு கொடுக்க வேண்டும். கம்பளியைச் சுற்றினால் உள்ளே இருக்கிற குளிர்தான் வெளியே போகாமல் பத்திரமாக இருக்கும். ஐஸ்கட்டிக்கு ஸ்வெட்டர் போட்ட மாதிரி. இதை பாய்க்கு நான் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சாக்ஸை அவசரமாகக் கழற்றினேன். ஊதா படாத இடமெல்லாம் கறுத்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. தொட்டால் சீறக்கூட இல்லை.

சரியாக அந்த நேரம் பார்த்து மூன்று மணி ஆனது. போன் அடித்தது. பாய் எடுத்துக் கூண்டுக்கு நேராகக் காட்டினார். திரையில் தலைக்கவசம் போட்ட ஒரு இளைஞன் தெரிந்தான்.

அவன் போனை மூக்குக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தான்.

“அத்தா,” என்றான் இர்பான் கடைசியில். “அது யாரு?”

“நம்ம சுல்தான்தான்டா. மருந்து வேலை செய்யுது. ரத்தத்துல கலந்தா ஊதா ஆவுமாம். டாக்டரம்மா சொன்னாங்க, இதோ இங்கதான் இருக்காங்க.”

போன் என் பக்கம் திரும்பியது. நான் பெரிய டாக்டர் தோரணையில் வணக்கம் சொல்லிக் கையைத் தூக்கினேன். சாக்ஸைக் கழற்றுகிற அவசரத்தில் கையுறையைக் கழற்றியிருந்தது நினைவில்லை.

“டாக்டர்,” என்றான் அந்தப் பையன், ரொம்ப மரியாதையாக. “உங்க கையும் ஊதாவா இருக்குதுங்களே. உங்களுக்கும் மருந்து வேலை செய்யுதுங்களா?”

கடையில் இருந்த அத்தனை பேரும் என் கையைப் பார்த்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டிருந்த சேலத்துக் குடும்பம் கேமராவை என் பக்கம் திருப்பியது. பாய் என் கையையும் சுல்தானையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பயம்தான் வந்தது. நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆளுக்கும் ஒன்றும் தெரியாது என்று புரிந்த பயம்.

“பாய், அது மருந்து கொட்டினதுங்க,” என்றேன். “நான் பொய் சொல்லிட்டேன். நான் இதுக்கு முன்னால பச்சோந்திக்கு வைத்தியமே பாத்ததில்லை. எனக்குத் தெரியாது. ஆனா தெரிஞ்சவங்களக் கேட்டு இப்பவே செய்றேன். என்னை நம்புங்க.”

கடைசி வாக்கியத்தைச் சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. பாய் கடையின் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டார். பிறகு, “கேளுங்க,” என்றார்.

என்னோடு படித்த கவிதா சென்னையில் பாம்பு, ஆமை, உடும்புக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவள். போன் செய்தேன். போனை ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார் பாய். அதுவும் நியாயம்தானே.

“எடை பார்த்தியா வினோ?”

“கையில தூக்கிப் பார்த்தேன்.”

“கையில தூக்கிப் பார்க்க அது என்ன தேங்காயா? ஊசி எங்க போட்ட?”

“பின்னங்கால்ல.”

“நாசமாப் போச்சு. ஊர்வனவுக்குப் பின்னாடி போட்டா பாதி மருந்து நேரா கிட்னி வழியா வெளியே போயிடும். முன்னாடி, தோள் பக்கம் போடணும். சூடு எத்தனை டிகிரி வச்சிருக்க?”

நான் ரோஸ் சாக்ஸைப் பார்த்தேன். பாயும் பார்த்தார்.

கவிதா ஐந்து நிமிடம் என்னைத் திட்டினாள். (அந்தத் திட்டில் மூன்று வார்த்தையை பாய் பிற்பாடு அர்த்தம் கேட்டார்.) அப்புறம் வரிசையாகச் சொன்னாள். உடம்பு சூடாக இல்லாவிட்டால் எந்த ஆன்டிபயாடிக்கும் அதற்கு வேலை செய்யாது. முதலில் வெளிச் சூடு. வாய்ப்புண்ணைத் துடைத்த பஞ்சுக்குச்சியை லேபுக்கு அனுப்பி, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்க வேண்டும். சரியாக எடை போட்டு, மூன்று நாளைக்கு ஒரு ஊசி. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கம்பிக் கூண்டுக்குப் பதில் வலைத்துணி.

எடைக்கு எங்கே போவது? என் தராசில் கன்றுக்குட்டிக்குக் குறைந்து எதுவும் தெரியாது. பாய் சுல்தானைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது கடைக்கு நடந்தார். அது நகைக்கடை. கடைக்காரர் சுல்தானைத் தட்டில் வைத்தார், பழக்கதோஷத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எண்ணைப் பார்த்தார்.

“பதினாறு பவுனுங்க,” என்றார். “சேதாரம் போகாம.”

நான் அதைக் கிராமாக்கி மருந்தின் அளவைக் கணக்குப் போட்டேன். நான் முந்தின நாள் குத்துமதிப்பாகப் போட்டது எவ்வளவு தப்பு என்று இங்கே எழுதப் போவதில்லை.

சூட்டுக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். மஞ்சக்குட்டையில் எங்கள் வீட்டில் கோழிக்குஞ்சுகளுக்குப் போடுகிற குண்டு பல்பும் தகர மூடியும் உண்டு.

“அந்த ஓணானுக்கா கண்ணு?” என்றாள் அம்மா.

“பச்சோந்திம்மா.”

“என்னமோ ஒண்ணு. எங்குஞ்சுங்க குளுருல நடுங்குனா உன்னையத்தான் கேப்பேன்.” ஆனாலும் சாயங்கால பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள்.

லேப் இன்னொரு கூத்து. சேலத்தில் எனக்குத் தெரிந்த லேபுக்கு வருகிறவர்கள் எல்லாம் மனிதர்கள். நான் பாரத்தில் பெயர் சுல்தான், வயது மூன்று, ஆண் என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தேன். இரண்டாவது நாள் ஒரு அம்மா போன் செய்தார். “கிருமி கொஞ்சம் மோசமானதுங்க. பையனுக்குக் காய்ச்சல் இருக்குங்களா?” இந்த முறை நான் பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னதும் அந்தப் பக்கம் யாரையோ கூப்பிட்டு அதைத் திரும்பச் சொல்லும் சத்தம் கேட்டது. ஆனாலும் எந்த மருந்து கேட்கும் என்று தெளிவாக எழுதி அனுப்பினார்கள்.

அடுத்த ஒன்பது நாளும் நான் கடை வேலையாள்போல பாய் கடையிலேயே கிடந்தேன். பல்புக்கு அடியில் தெர்மாமீட்டர் தொங்கியது. பாய் அதைத் தொழுகை நேரம் போக மற்ற நேரமெல்லாம் பார்த்தார். மூன்று மணிக்கு இர்பான் கூப்பிடுவான். “எத்தனை டிகிரிங்கத்தா?” “இருபத்தெட்டுடா.” “ஏன் கம்மி?” “கரண்ட்டு போயிட்டு வந்துச்சு. வென்னீர் பாட்டிலு வச்சேன்.” “நீங்களா வச்சீங்க?” “பின்ன, உங்க டாக்டரம்மாவா வைக்கும்?” வைத்தியம் பேச்சாகி, பேச்சு சண்டையாகி, ஒருநாள் அந்தச் சண்டையின் நடுவில் அந்தப் பையன், “நீங்க இன்னும் சாப்புடலியாத்தா?” என்று கேட்டுவிட்டான். பாய் போனை என் கையில் கொடுத்துவிட்டு, சால்வைகளை அடுக்குவதுபோலத் திரும்பி நின்றுகொண்டார். ஏற்கெனவே அடுக்கியிருந்த சால்வைகள்.

பத்தாம் நாள் மூன்று மணி. போன் ஓடிக்கொண்டிருந்தது. நான் குனிந்து சுல்தானின் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீக்கம் வற்றியிருந்தது. ஊதாவும் திட்டுத்திட்டாக உரிந்து, அடியில் பச்சை எட்டிப் பார்த்தது. சுல்தானின் இரண்டு கண்களும் முதல் தடவையாக ஒரே திசையில் திரும்பின. என் முகத்தை நோக்கி. அவனுக்கு என்னைப் பிடித்துவிட்டது என்று மனசு உருகினேன்.

சப்பென்று மூக்கில் ஒரு அடி. ஈரமாக, பசையாக, சுண்டிவிட்டதுபோல. என் மூக்குத்திக் கல்லை மின்னும் பூச்சி என்று நினைத்து சுல்தான் நாக்கை வீசியிருந்தான். கல் வரவில்லை என்றதும் இழுத்தான். நான் “ஆ” என்று கத்தினேன். வாய்ப்புண் உள்ள பச்சோந்தி நாக்கை வீசாது. வீசினால் புண் ஆறிவிட்டது என்று அர்த்தம். அது எனக்குத் தெரிந்ததால் கத்திக்கொண்டே சிரித்தேன். கத்தாரில் இர்பான் தலைக்கவசத்தைத் தூக்கிப் போட்டுக் கத்தினான். ஜாபர் பாய் சிரித்தார். நாலு மாதமாக அந்தப் பஜாரில் இருந்தும், அவருக்கு முன்பல் இரண்டு இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. என் கிளினிக்குக்கு இப்போது ஆமை வருகிறது, கிளி வருகிறது, ஒருமுறை முள்ளெலி வந்தது. தெரியாததற்கு “தெரியலீங்க, கேட்டுச் சொல்றேன்” என்று சொல்லப் பழகிவிட்டேன். சுல்தான் ஐந்து வயதில் கொழுகொழுவென்று இருக்கிறான். போன மாசம் பார்த்தபோது பதினெட்டு பவுன்.

ஆனால் ஒருநாள் ஜாபர் பாய் என்னிடம் ரகசியமாக வந்தார்.

“டாக்டரம்மா, இர்பான் கேட்டா சுல்தான் இருமுனான்னு சொல்லுங்க. நானும் அப்பிடித்தான் சொல்லியிருக்கேன். நல்லா இருக்கான்னு சொன்னா ரெண்டு நிமிசத்துல வச்சர்றானுங்க. நேத்து இருமுறான்னேன், முக்கா மணி நேரம் பேசுனான்.”

அன்று சாயங்காலமே இர்பானிடமிருந்து எனக்கு மெசேஜ் வந்தது. “டாக்டர், பச்சோந்தி இருமாதுன்னு எனக்குத் தெரியும்ங்க. அத்தாகிட்டச் சொல்லிடாதீங்க.”

இரண்டு பேருக்கும் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். டாக்டராகி நான் காப்பாற்றுகிற ஒரே பொய் இதுதான்.

இந்த விஷயத்தை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் எங்கள் வீட்டில் சொல்லித் தொலைத்தேன். அப்பாவிலிருந்து சித்தி பிள்ளைகள் வரை சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை, எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து போன் வந்தது.

“கண்ணு, செவலை மாடு காத்தாலருந்து இருமுது.”

மருந்துப் பையோடு அடுத்த பஸ்ஸில் ஓடினேன். செவலை நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. அடுப்படியில் நாட்டுக்கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. “நீ வர்றதுக்குள்ள அதுக்குச் சரியாப் போச்சு, கையக் கழுவிட்டு ஒக்காரு,” என்றாள் அம்மா.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு யாரைப் பார்க்கத் தோன்றினாலும் ஏதாவது ஒன்று இருமும். ஓசூரில் இருக்கும் தம்பிக்காக அப்பாவின் மோட்டார் சைக்கிள் இருமியது. சித்திக்காக ஒருமுறை மிக்ஸி இருமியது. நேற்று அம்மா கூப்பிட்டபோது எனக்கு நிஜமாகவே வேலை இருந்தது. “அம்மா, செவலையத்தான் போன மாசமே வித்துட்டீங்களே, எப்படி இருமும்?” என்றேன்.

“வித்த எடத்துல இருமுது கண்ணு,” என்றாள். “நீ எத்தன மணி பஸ்ஸுக்கு வர்ற?”